மூவாயிரம் மணி நேரம்

கடிதம் வியாழக்கிழமை வந்தது. ட்ரீமா தபால் பெட்டியடியில் நின்றே அதைப் படித்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஓடையில் தண்ணீர் ஏறிப் பாலத்தின் அடிக்கட்டையைத் தொட்டிருந்தது. படித்து முடித்ததும் உறையை மேல்சட்டைக்குள் செருகிக்கொண்டு மேட்டில் ஏறி வீட்டுக்கு வந்தாள்.

அவள் புருஷன் டெல்பர்ட் சமையலறை மேசையில் உட்கார்ந்து முந்தின நாள் சோள ரொட்டியில் மோர் ஊற்றித் தின்றுகொண்டிருந்தான். மூக்கில் பிராணவாயுக் குழாய். குழாய் தரையோடு நீண்டு படுக்கையறைக்குள் போயிற்று. அங்கே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தான். எட்டு வருஷமாக இந்தக் குழாய்.

"என்னது அது?"

"வாரியத்துலேர்ந்து."

"லைசென்ஸா?"

"இல்ல."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். அவள் கோட்டைக் கழற்றி அடுப்புப் பக்கம் மாட்டினாள்.

"பதினாலு மாச மணி நேரம் செல்லாதாம். கேலா கல்யாணத்துலேர்ந்து இன்னிக்கு வரைக்கும்."

"கேலா கல்யாணத்துக்கும் உன் லைசென்ஸுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஓலீட்டா எனக்கு மேற்பார்வை. நம்ம பொண்ணு கட்டினது ஓலீட்டா மகனை. உறவுக்காரங்க மேற்பார்வை பார்க்கக் கூடாதாம்."

டெல்பர்ட் சிரித்தான். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் அடங்க நேரமாயிற்று.

"இந்த மலையில உறவில்லாத ஆளை அவனுங்களே வந்து தேடிக் குடுக்கட்டும்," என்றான்.

இருபது வருஷமாக ட்ரீமா இந்தக் கவுண்டியின், இந்தச் சிறு மலை மாவட்டத்தின், சமூகப் பணியாளர். அவளிடம் இருந்தது சின்ன உரிமம். அதை வைத்துக்கொண்டு ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம், படிவம் நிரப்பிக் கொடுக்கலாம், மின்சாரத்தைத் துண்டிக்க வந்தவனோடு வாசலில் நின்று சண்டை போடலாம். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மனிதனின் எதிரில் உட்கார்ந்து அவன் மனதைக் கேட்கக் கூடாது. அதற்குப் பெரிய உரிமம் வேண்டும். அதற்காக நாற்பத்தாறு வயதில் இதே மேசையில் கணினியை வைத்துக்கொண்டு முதுகலை படித்தாள். தேர்வில் மூன்று மதிப்பெண்ணில் தோற்றாள். மறுபடி எழுதி ஜனவரியில் தேறினாள். அதோடு கூடவே வேண்டியது, தற்காலிக அனுமதியில், உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் மூவாயிரம் மணி நேரம். சுற்றியுள்ள மூன்று கவுண்டிகளில் அதற்குக் கையெழுத்துப் போடக்கூடிய ஒரே ஆள் ஓலீட்டா ரன்யன். மூவாயிரமும் போன மாதம் முடிந்திருந்தது.

"தற்காலிக அனுமதி முப்பதாம் தேதியோட தீருது. ஒரு தடவ நீட்டியாச்சு. இனிமே நீட்ட மாட்டாங்க."

"முப்பதுக்கு அப்புறம்?"

"கிளினிக்குல அந்த அறைக்குள்ள நான் உக்காரக் கூடாது."

"எத்தனை பேரு வர்றாங்க உன்கிட்ட?"

"இருபத்திரண்டு."

"வேற மேற்பார்வை?"

"பக்கத்து கவுண்டிக்கு அந்தாண்ட ஒருத்தங்க இருக்காங்க. மேட்டுல ஏறும்போதே போன் பண்ணேன். அடுத்த வருஷம்தான் இடமாம்."

டெல்பர்ட் மோர்க் குவளையை அவள் பக்கம் தள்ளினான். அவள் குடிக்கவில்லை.

*

சனிக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காட்டுப் பூண்டு விருந்துக்கு வேலை நடந்தது. ஏப்ரலில் மலைச்சரிவில் அது முளைக்கும். ஆண்கள் சாக்கு சாக்காகத் தோண்டிக் கொண்டுவருவார்கள். பெண்கள் வேரை வெட்டி, மண் போக மூன்று தண்ணீரில் அலசி, பன்றிக் கொழுப்பில் உருளைக்கிழங்கோடு வதக்குவார்கள். தின்றவர் மேல் மூன்று நாள் வாடை அடிக்கும். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளை ஜன்னலோரம் உட்காரவைப்பார்கள்.

டாக்வுட் மரம் பூத்து நாலு நாள் ஆகியிருந்தது. அது பூத்தவுடன் வழக்கமாக வரும் குளிர் வந்துவிட்டது. கீழ்த்தளத்தில் மூச்சு புகையாகத் தெரிந்தது.

ஓலீட்டா மடக்கு நாற்காலியில் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு முட்டியும் மாற்றியவள். முட்டி மாற்றியபின் நோயாளிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். மேற்பார்வையும் கையெழுத்தும் மட்டும்.

"வா. கத்திய எடுத்துக்க. மூஞ்சி ஏன் பிழிஞ்ச துணி மாதிரி இருக்கு?"

ட்ரீமா கடிதத்தைக் கொடுத்தாள். ஓலீட்டா ஈரக் கையை மேலங்கியில் துடைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டாள். மெதுவாகப் படித்தாள்.

"நான் எங்க எழுதினேன் இதை?"

"கடைசிப் பக்கத்துல. ஓரத்துல."

ஓலீட்டாவுக்கு ஞாபகம் வந்தது. உறவு உண்டா என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தாள். ட்ரீமாவும் அதையே போட்டிருந்தாள். அந்தக் கேள்வியில் ரத்தம் என்று இருந்தது, திருமணம் என்றும் இருந்தது. திருமணம் என்றால் கட்டிய புருஷனைக் கேட்கிறார்கள் என்று இருவருமே நினைத்தார்கள். அதன் பின் மதிப்புரை எழுதுகிற இடத்தில் இடம் போதாமல் ஓலீட்டா ஓரத்தில் எழுதினாள்: 'இவள் மகளைத்தான் என் மகன் கட்டியிருக்கிறான். இவளைவிட நல்ல ஆள் இந்த மாநிலத்தில் கிடையாது.'

"ஏன் எழுதினீங்க?"

"பெருமைல எழுதினேன். வேற எதுக்கு? முப்பது வருஷமா அந்த ஃபாரத்த நிரப்புறேன். ஒரு பய ஓரத்தப் படிச்சதில்ல."

"புதுசா யாரோ சேர்ந்திருக்காங்க போல."

"அவ நல்லா இருக்கட்டும். படிக்கத் தெரிஞ்ச ஒருத்தியாவது அங்க இருக்காளே."

ட்ரீமா சிரிக்கவில்லை. ஒரு கொத்தை எடுத்து வேரை வெட்டினாள். இன்னொன்று. வெட்டியதை வாளியில் போட்டாள்.

"என்மேல கோவமா?"

"ஆமா."

"வை. ஆனா தண்டோட வெட்டாத. வெள்ளைக் கிழங்கு வீணாப் போகுது."

படியில் காலடி கேட்டது. ஆர்லிஸ் இன்னொரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். டெல்பர்ட்டின் அண்ணன். வார நாளில் மர அறுவை ஆலை, ஞாயிறு பிரசங்கம்.

"ரொம்பக் கழுவாதீங்கம்மா. கொஞ்சம் மண்ணு இருந்தாத்தான் ருசி."

"உங்க தட்டுல மட்டும் மண்ண வைக்கிறோம் பாஸ்டர்," என்றாள் ஓலீட்டா. "அடுத்த சுமையக் கொண்டாங்க."

அவர் போனதும் கடிதத்தை மறுபடி எடுத்தாள்.

"கல்யாணப் பதிவோட நகல் கேக்குறாங்க. எந்தத் தேதிலேர்ந்து வெட்டுறதுன்னு பாக்கவாம். பதினஞ்சு நாள் டைம் குடுத்திருக்கு."

"திங்கக்கிழமை போறேன்."

"நானும் ஒரு லெட்டர் எழுதுறேன்."

"வேண்டாம்," என்றாள் ட்ரீமா. "தயவு செஞ்சு நீங்க எதையும் எழுதாதீங்க."

*

நீதிமன்றக் கட்டடத்தின் முன்னறையில் பதிவு எழுத்தர் வாண்டா பெரிய புத்தகத்தைப் புரட்டினாள். பிறகு கணினியில் பார்த்தாள். பிறகு மறுபடி புத்தகத்தை.

"பிப்ரவரின்னு சொன்னே?"

"பிப்ரவரி பதினாலு. போன வருஷம். நீதான் கேக்குல பாதிய வீட்டுக்குக் கொண்டுபோனே."

"எனக்கா தெரியாது? அந்த வெள்ளைக் கேக்க இன்னும் மறக்கல." அவள் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். "பிப்ரவரி பதினொண்ணாம் தேதி கேலாவும் கோல்பியும் இங்க வந்து கல்யாணத் தாளை வாங்கிட்டுப் போயிருக்காங்க. அது இருக்கு. தாள் திரும்பி வரல."

"திரும்பி வரலன்னா?"

"கல்யாணத்த நடத்தி வைக்கிறவர் அதுல கையெழுத்துப் போட்டு இங்க கொண்டாந்து குடுக்கணும். குடுத்தாத்தான் நான் பதிவு பண்ணுவேன். யாரு நடத்தினது? ஆர்லிஸா?"

"ஆர்லிஸ்."

"அந்த மனுஷனுக்கு இது மூணாவது. ஹாட்ஃபீல்டு பையன் விவாகரத்துக்கு வந்து நிக்கிறப்பதான் அவனுக்குக் கல்யாணமே ஆகலன்னு தெரிஞ்சுது."

கல்யாணத்தன்று பனி பெய்தது. சாலையெல்லாம் மூடியிருந்தது. ஆர்லிஸ் தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தது ட்ரீமாவுக்கு ஞாபகம் இருந்தது.

"அப்போ என்னால நகல் குடுக்க முடியாது. பதிவு இல்லன்னு வேணும்னா ஒரு தாள் குடுக்கலாம். முத்திரை வச்சு." வாண்டா குரலைத் தாழ்த்தினாள். "நீ எதுக்குக் கேக்குறேன்னு ஓலீட்டா சொன்னா. உனக்கு நகலைவிட அதுதானே நல்லது?"

ட்ரீமா புத்தகத்தில் அந்த வரியை மறுபடி பார்த்தாள்.

"நான் பொய் எழுதல. புத்தகத்துல இல்ல. இல்லன்னு எழுதுறேன். அவ்வளவுதான்."

அச்சு இயந்திரத்திலிருந்து தாள் வந்தது. வாண்டா முத்திரையை அழுத்தினாள். ட்ரீமா அதை மடிக்காமல் ஓர் அட்டைக்குள் வைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வண்டியில் வெகுநேரம் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

*

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு எம்மிட் வந்தார். ஒன்றரை வருஷமாக எல்லாச் செவ்வாயும் மூன்று மணிக்கு அவருடைய தங்கை கொண்டுவந்து கிளினிக் வாசலில் விடுவாள். அவருக்குக் கண் மங்கல். வண்டி ஓட்டுவதில்லை.

அவர் சுரங்கத்தில் ஃபயர் பாஸாக இருந்தவர். ஷிஃப்டு தொடங்குவதற்கு முன்னால் தனியாக உள்ளே நடந்துபோய் வாயுவையும் கூரையையும் சோதிக்கிற வேலை. நிலக்கரி வெட்டுகிற கடைசி இடமான வெட்டுமுகம் வரை போய்ப் பார்த்ததற்கு அடையாளமாகத் தன் பெயரின் முதலெழுத்தையும் தேதியையும் நேரத்தையும் அங்கே சாக்பீஸால் எழுதிவிட்டு, திரும்பி வந்து நுழைவிடத்துப் பலகையிலும் எழுத வேண்டும். அந்த எழுத்து இருந்தால்தான் மற்றவர்கள் உள்ளே இறங்குவார்கள்.

முதல் நாள் வந்தபோது உட்காருவதற்கு முன்னால் அவர் சுவரில் மாட்டியிருந்த அவளுடைய அனுமதித் தாளின் அருகில் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு இடிக்கும்படி நின்று படித்தார்.

"தேதி இருக்கு," என்றார். பிறகுதான் உட்கார்ந்தார்.

ட்ரீமாவுக்கு முன்னால் அவரைப் பார்த்த ஆலோசகர்கள் இரண்டு பேர். ஒருத்தி நாலு மாதத்தில் நகரத்துக்குப் போய்விட்டாள். இன்னொருவனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதனால்தான் தேதியைப் பார்த்ததாகப் பின்னால் சொன்னார்.

எம்மிட்டின் மகன் லூக்கஸ். அதே சுரங்கத்தில் வேலை செய்தான். கூரை சரிந்து முதுகு உடைந்தது. முதுகுக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையை அவனால் நிறுத்த முடியவில்லை. ஆறு வருஷம் கழித்து மாத்திரையாலேயே போனான். எம்மிட் இந்த நாற்காலியில் உட்கார்ந்து மான் வேட்டையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், தக்காளிச் செடியைப் பற்றி, மனைவி விட்டுப்போனதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். லூக்கஸைப் பற்றி ஒன்றிரண்டு வாக்கியத்துக்கு மேல் போனதில்லை. அந்த இடம் வந்ததும் நிறுத்திவிடுவார். ட்ரீமா தள்ளவில்லை. காத்திருந்தாள்.

அன்றைக்கு அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"எம்மிட், முப்பதாம் தேதிக்கு அப்புறம் நான் உங்களைப் பார்க்க முடியாமப் போகலாம். லைசென்ஸ் விஷயம். இன்னும் உறுதியாத் தெரியல."

அவர் தொப்பியை முட்டியில் வைத்துச் சுழற்றினார்.

"மறுபடி புது ஆளா?"

"பக்கத்து கவுண்டியில ஒரு மனநல டாக்டர் இருக்கார். நல்லவர். நான் பேசி வைக்கிறேன்."

"முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். எங்க பொறந்தே, எத்தனை பசங்க."

"ஆமா."

"மிஸ் ட்ரீமா, அந்தத் துப்பாக்கிய என் தங்கச்சிகிட்டேர்ந்து திரும்ப வாங்கிக்கலாமா?"

அது லூக்கஸின் மான் துப்பாக்கி. முதல் குளிர்காலத்தில் ட்ரீமா சொல்லித்தான் அதைத் தங்கை வீட்டில் கொடுத்திருந்தார்.

"வேண்டாம்," என்றாள்.

"நீங்க சொன்னீங்க, குடுத்தேன். இனிமே யாரு சொல்லுவா?"

அவள் கைப்பை மேசைக்குக் கீழே இருந்தது. முத்திரை வைத்த தாள் அதற்குள் இருந்தது.

"இன்னும் வேண்டாம்தான் சொல்றேன்," என்றாள்.

"சரி," என்றார் எம்மிட். பிறகு மீதி நேரம் முழுக்கத் தக்காளி நாற்றைப் பற்றிப் பேசினார். இந்தக் குளிருக்கு வெளியே வைக்கக் கூடாது என்றார்.

*

அன்று மாலை கேலா சாப்பிட வந்திருந்தாள். கோல்பி ரயில் பாதை வேலைக்குப் போய்விட்டால் வெள்ளிக்கிழமைதான் திரும்புவான். அவளுக்கு ஆறு மாதம். மேசைக்கும் வயிற்றுக்கும் இடையில் தட்டு வைக்க இடமில்லாமல் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். பீன்ஸ், வெங்காயம், வறுத்த உருளைக்கிழங்கு. ட்ரீமா அந்தத் தாளை எடுத்து உப்புக் குடுவையின் மேல் சாய்த்து வைத்தாள்.

கேலா படித்தாள். முதலில் சிரித்தாள்.

"பெரியப்பா மறந்துட்டாரா? அப்போ பதினாலு மாசமா நான் பாவத்துலயா இருக்கேன்? அந்த மனுஷன் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்னைப் பார்த்துத்தானே பிரசங்கம் பண்றார்!"

"சிரிக்காத," என்றான் டெல்பர்ட். "உங்கம்மாவுக்கு வழி பொறந்திருக்கு. ட்ரீமா, இதை வாரியத்துக்கு அனுப்பு. புத்தகத்துல கல்யாணம் இல்ல, அதனால உறவும் இல்ல. மூவாயிரமும் செல்லும். லைசென்ஸ் கைக்கு வந்தப்புறம் அண்ணன் அந்தத் தாளக் கொண்டுபோய்க் குடுக்கட்டும். குழந்தை பொறக்க ஜூலை ஆகும்ல."

"நீ நேத்தே யோசிச்சு வச்சுட்டியா?"

"எனக்கு உக்காந்துட்டு யோசிக்கிறதத் தவிர வேற என்ன வேலை?"

கேலா தாளைத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். அவள் சிரிப்பு போயிருந்தது.

"கோல்பியோட கம்பெனி இன்சூரன்ஸ்ல நான் அவன் பொண்டாட்டின்னுதான் இருக்கேன். டாக்டர், ஸ்கேன் எல்லாம் அதுலதான். இப்படி ஒரு தாள் ஊர் சுத்துறது அவங்களுக்குத் தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்?" என்றான் டெல்பர்ட். "ஒரு ஆபீஸுக்கு இன்னொரு ஆபீஸ் இருக்கிறதே தெரியாது."

"சரிப்பா. அம்மாவுக்கு வேணும்னா அனுப்பட்டும். எனக்குக் கல்யாணம் ஆனது எனக்குத் தெரியும்." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா அம்மா, நீயே கையெழுத்துப் போட்டு அனுப்புறப்போ என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அனுப்பு. எனக்குத் தெரியாம வேண்டாம்."

ட்ரீமா பீன்ஸைக் கிளறினாள்.

"உன் செவ்வாய்க்கிழமை ஆளு," என்றான் டெல்பர்ட். "யாருன்னு நான் கேக்கல, நீ சொல்லவும் மாட்ட. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தா ஒரு மணி நேரம் உன்னால பேச முடியாது. அது மட்டும் எனக்குத் தெரியும். அந்த ஆளு உசிரோட இருக்கிறதுக்கு ஒரு காகிதம் கொஞ்சம் கோணலா இருந்தா என்ன?"

ட்ரீமா கரண்டியைக் கீழே வைத்தாள். படுக்கையறையில் இயந்திரம் மூச்சு விட்டது.

"நீ உள்ள இறங்குறப்போ," என்றாள், "சாக்பீஸ் எழுத்தப் பார்த்துட்டுத்தானே இறங்குவே?"

"ஆமா."

"ஒரு நாளாவது போய்க் கேட்டியா, எழுதினவன் நெஜமாவே அதுவரைக்கும் நடந்தானான்னு?"

"எதுக்குக் கேக்கணும்? தேதி இருந்துச்சு. எம்மிட் எழுதியிருப்பார். அவர் எழுத்து இருந்தா கண்ண மூடிட்டுப் போவோம்."

அந்தப் பெயரைக் கேட்டதும் ட்ரீமா தட்டைப் பார்த்தாள்.

"அதுக்குத்தான்," என்றாள்.

"இது சுரங்கமில்ல, ட்ரீமா. யார் தலைமேலயும் கூரை விழப்போறதில்ல."

"எனக்குத் தெரியல, டெல்பர்ட். என் சுவத்துல இருக்கிற தாளைப் பார்த்துட்டுத்தான் அவங்க உக்கார்றாங்க."

டெல்பர்ட் குழாயைச் சரிசெய்துகொண்டான். கோபத்தில் வெங்காயத்தைக் கடித்தான். கேலா எழுந்து எல்லோருக்கும் சோள ரொட்டி வெட்டினாள். ட்ரீமா தாளை எடுத்து அடுப்பு மூடியைத் திறந்தாள். பிறகு போடாமல், மூடிவிட்டுக் கைப்பையில் வைத்தாள்.

*

புதன்கிழமை காலை அறுவை ஆலைக்குப் போகும் வழியில் ஆர்லிஸை மறித்தாள்.

"கல்யாணத் தாளா? குடுத்துட்டேனே."

"குடுக்கல."

"குடுத்திருப்பேன்."

"கருப்புக் கம்பளிக் கோட்டுப் பை, பாஸ்டர். அன்னிக்குப் பனி பெஞ்சுது."

அவர் முகம் மாறியது. இருவரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். கோட்டு அலமாரியில் தொங்கியது. அந்தக் குளிர்காலத்துக்கு அப்புறம் அவர் அதைப் போடவில்லை. மகன் புதுக் கோட்டு வாங்கிக் கொடுத்திருந்தான். உள்பையில் கை விட்டார். ஒரு மெழுகுவர்த்தித் துண்டு, ஒரு தேவாலய ஆராதனை நிரல், பிறகு தாள். பாச்சை உருண்டை வாடை அடித்தது.

"கர்த்தாவே," என்றார். "எத்தனை பேரு இப்படி என் பையில இருக்காங்களோ."

"இன்னொரு கோட்டும் இருக்குல்ல? அதையும் பாருங்க."

வாண்டா தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். ட்ரீமாவைப் பார்த்தாள். ட்ரீமா திங்கட்கிழமை வாங்கின தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது இனிமே வேண்டாம்."

"ட்ரீமா, ஜூன்ல கொண்டாந்தாக்கூட நான் வாங்கிப்பேன். நான் எங்கயும் ஓடிப்போகல."

"தெரியும். இப்போ பதி."

வாண்டா புத்தகத்தை எடுத்து எழுதினாள். எழுதும்போது உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆர்லிஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். நகலில் முத்திரை விழுந்தது. ட்ரீமா அதை அங்கேயே உறையிலிட்டு ஒட்டினாள். தபால் அலுவலகம் எதிர்ப்புறம். சாலையைக் கடந்து போட்டுவிட்டு வந்தாள்.

முப்பதாம் தேதி சுவரிலிருந்த அனுமதித் தாளைக் கழற்றினாள். கிளினிக் இயக்குநர் கதவில் நின்றுகொண்டு சொன்னார். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர்.

"உன் பழைய லைசென்ஸ்ல வண்டி ஓட்டலாம், ஃபாரம் நிரப்பலாம். அது மட்டும்தான், ட்ரீமா. வண்டியில பேச்சு வந்தா வானிலை பேசு, சாப்பாடு பேசு. அதுக்கு மேல போனா கிளினிக்கையே இழுத்து மூடிருவாங்க."

ஆணி மட்டும் சுவரில் இருந்தது.

*

மே மாதத்தின் முதல் செவ்வாய். எம்மிட் வர மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார். தங்கை இரண்டு தடவையும் ட்ரீமா மூன்று தடவையும் போன் செய்தபின் ஒரு தடவை மட்டும் போய்ப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டார். பக்கத்து கவுண்டி மருத்துவரிடம் மூன்று மணிக்கு நேரம். ஒன்றேகால் மணி நேர மலைப்பாதை. ட்ரீமா கிளினிக் வண்டியை எடுத்துக்கொண்டு ஒன்றரை மணிக்கு அவர் வாசலில் நின்றாள்.

அவர் முன்பக்கம் உட்கார்ந்தார். மடியில் காகிதப் பை. அதற்குள் பழைய தயிர்க் கோப்பையில் இரண்டு தக்காளி நாற்று.

"இது உங்களுக்கு. குளிர் போயிருச்சு. இனிமே நடலாம்."

"நன்றி, எம்மிட்."

மழை விட்டிருந்தது. சாலையோரம் பாறையிலிருந்து நீர் வடிந்தது. முன்னால் ஒரு நிலக்கரி லாரி ஊர்ந்தது. அதை முந்த இடமில்லை.

"டெல்பர்ட் எப்படி இருக்கான்?"

"அப்படியேதான் இருக்கார். சாப்பிடுறார்."

"கேலாவுக்கு?"

"ஜூலை."

"நல்லது."

லாரி கிளைச்சாலையில் திரும்பியது. ட்ரீமா வேகத்தைக் கூட்டினாள். கொஞ்ச தூரம் போனதும் எம்மிட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க மணி நேரம் செல்லாதுன்னு நீங்களே தாளைக் கொண்டுபோய்க் குடுத்தீங்களாமே."

"யாரு சொன்னா?"

"வாண்டா என் தங்கச்சிகிட்ட. தங்கச்சி என்கிட்ட. இன்னொரு தாள் உங்க கையிலயே இருந்துச்சாம்."

"வாண்டாவுக்கு வாய்க்குப் பூட்டு கிடையாது."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அதைக் குடுத்திருந்தா இன்னிக்கு நான் அந்த அறையில உங்க எதிர்ல உக்காந்திருப்பேன்."

"ஆமா."

அவர் தலையாட்டினார். கோபமா என்று தெரியவில்லை. பாதை ஓடையைக் கடந்தது, மறுபடி கடந்தது. சுரங்கத்துக்குப் போகும் பழைய வழி இடப்பக்கம் வந்தது. கதவுக்குச் சங்கிலி போட்டிருந்தது. அதைத் தாண்டும்வரை அவர் அதையே பார்த்தார்.

"நான் ஒரு தடவ எழுதியிருக்கேன்," என்றார்.

"என்னது?"

"தேதி. போகாம எழுதியிருக்கேன்."

"எம்மிட், நான் இன்னிக்கு டிரைவர் மட்டும்தான். இதை அங்க போய் அவர்கிட்ட சொல்லுங்க. இன்னும் முக்கால் மணி நேரத்துல போயிருவோம்."

"தெரியும். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவர் காகிதப் பையின் வாயை மடித்தார், பிரித்தார், மடித்தார்.

"முந்தின நாள் ராத்திரி என் பொண்டாட்டி என்னை விட்டுட்டுப் போயிட்டா. தூங்கவே இல்ல. காலைல உள்ள இறங்கினேன். சாப்பாட்டு இடம் வரைக்கும் நடந்தேன். அங்க உக்காந்துட்டேன். கால் வரல. அங்க ஒரு பலகை இருந்துச்சு. அதுல எழுதினேன். எழுதிட்டு அதைத் தூக்கிட்டுப்போய் நுழையுற எடத்துல சாத்தி வச்சேன். வெட்டுமுகம் வரைக்கும் போகல. கூரையப் பாக்கல."

ட்ரீமா வானொலிப் பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோனாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"பசங்க வந்தாங்க. எழுத்தப் பார்த்தாங்க. லூக்கஸ் முதல் ஆளா இருந்தான். 'அப்பா எழுதியிருக்கார், வாங்கடா'ன்னான்."

முன்னால் பச்சைப் பலகை தெரிந்தது. வலப்பக்கம் திரும்பினால் நெடுஞ்சாலை, மருத்துவரின் ஊர். நேராகப் போனால் மலையைச் சுற்றிக்கொண்டு போகிற பழைய பாதை. அதில் போனால் மூன்று மணிக்குப் போய்ச் சேர முடியாது.

எம்மிட் பேசிக்கொண்டிருந்தார்.

ட்ரீமா பலகையைப் பார்த்தாள். வேகத்தைக் குறைத்தாள். திரும்பவில்லை.